நின்றால் குறையும் சத்தம்

மத்திகிரி
9-2-2025

திருமலைக்கு,

இந்தத் தாளை கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர் கோபியிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு. போன் செய்யாதே. குலதெய்வத்தின் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் செய்தவன் நான். போனில் தட்டி அனுப்புவதும் பேச்சுதான். தாளில் எழுதுவது பேச்சாகாது. யோசித்துத்தான் எழுதுகிறேன். சமாதானத்துக்கு வந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதே.

விஷயம் இதுதான். உன் கடையில் வாங்கி என் டூரிங் பைக்கில் மாட்டிய பாட்டு செட்டில் கோளாறு இருக்கிறது. வண்டி ஓடும்போது பாட்டு நன்றாகக் கேட்கிறது. சிக்னலில் நின்றால் சத்தம் படுத்துவிடுகிறது. சத்தம் படுத்ததும் பின் சீட்டில் இருக்கும் உன் அக்கா இறங்கிவிடுகிறாள். போன வாரம் பாகலூர் ரோடு சிக்னலில் இறங்கினாள். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் கம்பெனி பஸ், ஆரன் மேல் ஆரன். நானூறு கிலோ வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு நான் இறங்குவதற்குள் அவள் இரண்டு ஆட்டோவுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த வண்டி பெங்களூர் வெள்ளத்தில் பேஸ்மென்டில் மூழ்கிக் கிடந்தது. பழைய இரும்பு என்று ஒதுக்கிப்போட்டதை எடுத்துவந்து ஒவ்வொரு ஒயராக நானே மாற்றினேன். எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்தபோது டயகிராமைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. வண்டியில் நான் செய்த எந்த வேலையிலும் குறையில்லை. நீ கொடுத்த செட்டில்தான் குறை. எழுத்தில் பதில் வேண்டும்.

தீர்த்தகிரி


கிருஷ்ணகிரி
12-2-2025

மாமாவுக்கு வணக்கம்.

கோபி தாளை நீட்டிவிட்டு, "இன்னாங்க, மாமனும் மச்சானும் லெட்டர் போட்டுக்கறீங்க, எதுனா காதலா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன். சத்தியம் நீங்கள் செய்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் தாளிலேயே எழுதுகிறேன்.

மாமா, அது கோளாறு இல்லை. அந்த செட் அப்படித்தான் வேலை செய்யும். வண்டி வேகமாகப் போனால் காற்றுச் சத்தம் ஏறும் இல்லையா? அதற்குத் தகுந்தபடி பாட்டுச் சத்தத்தையும் அது தானாக ஏற்றும். முன் சக்கரத்திலிருந்து வரும் ஸ்பீடு ஒயரைப் பார்த்துத்தான் வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. வண்டி நின்றால் வேகம் பூஜ்யம், அதனால் குறைத்துவிடுகிறது. மெனுவில் போய்ப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்கும். நீங்கள் மூன்றில் வைத்திருப்பீர்கள். ஒன்றில் வைத்தால் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும். 'ஆஃப்' என்று வைத்துவிட்டால் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிடுகிறேன். அக்காவை ஏன் தினமும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்? மேகலா காரை வைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வரத் தயாராக இருக்கிறாள். அம்மாவை டாக்டரிடம் காட்டலாம் என்று அவளும் சொல்கிறாள். அன்றைக்குக் காதுகுத்துப் பந்தலில் வைத்து நான் சொன்னதும் அதைத்தான். அத்தனை பேர் எதிரில் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

திருமலை


மத்திகிரி
20-2-2025

திருமலைக்கு,

ஒரே பந்தியில் அவள் ஒரே இலைக்கு மூன்று முறை பாயசம் ஊற்றினாள் என்று நீ பந்தலில் சொன்னாய். இலைக்காரன் கேட்டான், ஊற்றினாள். அதற்குப் பெயர் வியாதியா? எனக்கும்தான் கண்ணாடி வைத்த இடம் மறக்கிறது.

ஏன் வண்டியில் ஏற்றுகிறேன் என்று கேட்டாய். சொல்கிறேன். பொழுது சாய்ந்ததும் அவள் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாம் வா" என்கிறாள். இதுதான் வீடு என்றால் கேட்பதில்லை. "நீ யாரு அதைச் சொல்றதுக்கு, எங்க ஊட்டுக்காரரு தேடுவாரு" என்று கேட்டைத் திறந்துகொண்டு போகிறாள். ஒரு நாள் கர்னூர் ஏரி வரைக்கும் நடந்துவிட்டாள். அதற்குத்தான் வண்டி. சரி, வீட்டுக்குப் போகலாம் என்று ஏற்றிக்கொள்வேன். பின் சீட்டில் நாற்காலி மாதிரி முதுகும் கையும் இருக்கிறது, இருந்தாலும் அவள் என் இடுப்பைத்தான் பிடித்துக்கொள்வாள். பாட்டைப் போடுவேன். தளி ரோட்டில் மேடு ஏறி, ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடில்கள் வரைக்கும் போய்த் திரும்புவேன். திரும்பி வந்து அதே கேட்டுக்கு முன்னால் நிறுத்தினால் இறங்கி, "வந்துட்டோம்" என்பாள். அதற்கப்புறம் சோறு போடுவாள். தூங்குவாள். ஒரு தொந்தரவும் இல்லை. காரில் ஏற்றினால் ஓடும்போதே கதவைத் திறக்கிறாள், மேகலாவைக் கேள். நான் கண்டுபிடித்த வைத்தியம் இது. எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஒன்றில் வைத்துப் பார்த்தேன். மேட்டில் காற்று அடித்தால் பாட்டு அவளுக்கு எட்டவில்லை. பாட்டு கேட்காவிட்டால் முதுகில் குத்துகிறாள், "எங்கடா கூட்டிட்டுப் போற?" என்று. நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய என்னை டா போட்டாள். மறுபடி மூன்றில் வைத்துவிட்டேன். ஆஃப் செய்ய மாட்டேன். இருக்கிற வசதியை அணைத்துப்போடுவது ரிப்பேர் ஆகாது. காய்ச்சல்காரன் வீட்டில் தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பது அது.

இன்னொன்று. நின்றால்தான் குறையும் என்று எழுதினாயே. நேற்று வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே குறைந்தது. தளி ரோட்டுத் திருப்பத்தில் ஹேண்டிலை இடப்பக்கம் வளைத்தேன், சத்தம் படுத்துவிட்டது. அவள் காலை எடுத்துக் கீழே நீட்டினாள். நான் கையைப் பின்னால் போட்டு அவள் முழங்காலை அமுக்கிப் பிடித்து நிறுத்தினேன். இதற்கு என்ன கதை சொல்கிறாய்?

தீர்த்தகிரி


கிருஷ்ணகிரி
22-2-2025

மாமா,

இதைப் படித்ததும் வண்டியை எடுப்பதை நிறுத்துங்கள். சரி பார்த்த பிறகு எடுக்கலாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஓடும்போது சத்தம் குறைந்தால் செட் வேகத்தை இழந்துவிட்டது என்று அர்த்தம். சக்கரம் ஓடுகிறது, சேதி வந்து சேரவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டி. ஒயர்களைச் சேர்க்கும் கப்ளர் எதிலாவது பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அல்லது ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது ஜாயின்ட் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. இடப்பக்கம் வளைத்தபோது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஒயரை நீட்டி முடிச்சுப் போட்டிருந்தால் அதை முதலில் பாருங்கள். கரண்ட் பார்க்கும் மீட்டரை வைத்துக்கொண்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பினால் தெரிந்துவிடும்.

உங்கள் வேலையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, பாருங்கள்.

திருமலை


மத்திகிரி
9-3-2025

திருமலைக்கு,

உன் பதிலைப் படித்தேன். மீட்டர் வைத்தும் பார்த்தேன். என் ஜாயின்டில் ஒன்றுமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது.

ஹேண்டில் கழுத்துக்குக் கீழே நான் சுற்றியது கறுப்பு டேப். இப்போது அங்கே இருப்பது சிவப்பு டேப். நான் சிவப்பு டேப் வாங்குவதே இல்லை. வெள்ளிக்கிழமை நான் ரேஷன் கடை வரிசையில் நின்ற நேரத்தில் யாரோ ஒருத்தர் வந்து வண்டிக்குக் கீழே படுத்திருந்தார் என்று எதிர் வீட்டு ஜோதிமணி சொல்கிறாள். "உங்க மச்சான் மாதிரிதாங்க இருந்துச்சு, கும்பிட்டாரு" என்கிறாள்.

திருடன்கூட வீட்டில் ஆள் இல்லாதபோதுதான் வருவான். நீயும் அப்படி வந்திருக்கிறாய். யாரைக் கேட்டு என் வண்டியில் கை வைத்தாய்?

தீர்த்தகிரி


கிருஷ்ணகிரி
11-3-2025

மாமா,

நான்தான் வந்தேன். நீங்கள் இருக்கும்போது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பீர்கள், வண்டியைத் தொட விடமாட்டீர்கள். அதனால்தான் நீங்கள் ரேஷன் கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நீங்கள் போட்டிருந்தது கையால் முறுக்கிய ஜாயின்ட். மேலே டேப் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்பு கறுத்து, இரண்டே இழைதான் பிடித்திருந்தது. ஹேண்டில் நேராக இருந்தால் ஒட்டிக்கொள்கிறது, வளைத்தால் விடுகிறது. அதை வெட்டிவிட்டுப் பற்ற வைத்திருக்கிறேன். இனி ஓடும்போது குறையாது.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். அதை எழுத முடியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கேட்டைத் திறந்ததும் அக்கா வந்தாள். "யாரு வேணும்? அவரு கடைக்குப் போயிருக்காரு, ஒக்காருங்க" என்றாள். அக்கா, நான் திருமலை என்றேன். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "எங்களுக்கும் ஒரு தம்பி இருக்கான், இதே வேலைதான். இப்பல்லாம் வர்றதில்ல. எங்க ஊட்டுக்காரரு கோவக்காரரு" என்றாள். என்னிடமே என்னைப் பற்றிக் குறை சொன்னாள் மாமா. நான் ஆமாம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய?

அதற்கு எந்த ஜாயின்டைப் பற்ற வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மேகலா பெங்களூரில் டாக்டர் நேரம் வாங்கியிருக்கிறாள். இந்த ஒரு தடவை போங்கள்.

திருமலை


மத்திகிரி
30-3-2025

திருமலைக்கு,

அவள் உன்னை விளையாட்டுக்குக் கேட்டிருப்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தக் குசும்பு உண்டு.

ஓடும்போது இப்போது குறைவதில்லை. வெயில் ஏறியதால் ஈரம் காய்ந்திருக்கும். என் ஜாயின்ட் நன்றாகத்தான் இருந்தது.

டாக்டரிடம் போனோம். மேகலா வற்புறுத்தினாள் என்பதற்காகப் போனேன். காரில் அவள் ஏறவே இல்லை, அதனால் வண்டியில்தான் போனேன். டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி ஏதோ சொன்னார். சின்னப் பிள்ளை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதை விடு.

திரும்பி வரும்போது அத்திப்பள்ளி எல்லையில் லாரிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. நானும் நிறுத்தினேன். சத்தம் குறைந்தது. அவள் இறங்கினாள். எனக்கு இருபக்கமும் லாரி, ஸ்டாண்டு போடக்கூட இடமில்லை. "பூவு, பூவு" என்று அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பிப் பார்க்காமல் இரண்டு லாரிக்கு நடுவில் போய்விட்டாள். நான் ஒரு ஓரத்துக்கு வண்டியை உருட்டிவிட்டு வந்தபோது எந்தப் பக்கமும் அவள் இல்லை. எத்தனை நேரம் தேடினேன் என்று தெரியாது. கர்நாடகப் போலீஸ்காரரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவர் என் வண்டியைத்தான் பார்த்தார், "ஏனு ரேட்டு இது?" என்று கேட்டார்.

பூ விற்கும் நாராயணம்மா என்ற பெண்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். "அஜ்ஜி பெங்கிபொட்ண கேள்தா இத்ரு சாமி. தீப்பெட்டி கொடு, தீப்பெட்டி கொடுன்னு எல்லா கடையிலயும். நானு கொடுத்தேன். ரோட்டுல குந்திக்கினு கற்பூரம் எங்கன்னு தேடறாங்க" என்றாள். பூவு கையில் தீப்பெட்டி இருந்தது. என்னைப் பார்த்து, "ஏத்திட்டேன், போலாம் வா" என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தளி ரோட்டு மேட்டுக்குக் கீழே முனீஸ்வரன் கோவில் இருக்கிறதே. அந்தப் பக்கம் போகிற வண்டி எதுவும் நிற்காமல் போகாது. மொபெட் வைத்திருந்த காலத்திலிருந்து நான் அங்கே நிறுத்துவேன், அவள் இறங்கிப் போய்ச் சூடம் ஏற்றிவிட்டு வருவாள். நான் இறங்கியதே இல்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாட்டுச் சத்தம் குறைந்தால் அவளுக்குக் கோவில் வந்துவிட்டது என்று அர்த்தம். சிக்னலில் இறங்கியதும் அதற்குத்தான். அவள் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. செட் தப்பான இடத்தில் தப்பான சேதி சொல்கிறது.

சரியான இடத்தில் மட்டும் குறையும்படி செய்ய வழி இருந்தால் எழுது.

தீர்த்தகிரி


கிருஷ்ணகிரி
2-4-2025

மாமா,

முனீஸ்வரன் கோவிலையும் சிக்னலையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த செட் என்னிடம் இல்லை. எந்தக் கடையிலும் இருக்காது. அதற்குச் சக்கரம் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. ஆஃப் செய்துவிடுங்கள். நாற்பதுக்கு மேல் போகாதீர்கள். நாற்பதில் அக்காவுக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்துவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள். நின்றாலும் அதே சத்தம்தான் இருக்கும். சிக்னலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். லாரிச் சக்கரத்துக்கு நடுவில் அக்கா குந்தியிருந்தாள் என்று படித்ததிலிருந்து எனக்குக் கடையில் கை ஓடவில்லை.

அந்த டாக்டர் சின்னப் பிள்ளையாக இருக்கலாம். அவர் சொன்னதை மேகலா எனக்கும் சொன்னாள். குறைந்துகொண்டே போகும், ஏறாது என்றாராம். உங்களுக்கும் அது காதில் விழுந்திருக்கும்.

திருமலை


மத்திகிரி
13-4-2025

திருமலைக்கு,

ஆஃப் செய்தேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. நாராயணம்மா எல்லா நாளும் அங்கே இருக்க மாட்டாள் என்பதற்காக.

பாகலூர் ரோடு சிக்னலில் நின்றேன். அவள் இறங்கவில்லை. இடுப்பைப் பிடித்தபடியே இருந்தாள். டிராபிக் போலீஸ்காரர் வந்து, "பெருசு, கல்யாண ஊர்வலமா? கொறைங்க" என்றார். குறைக்க மாட்டேன் என்றேன். அபராதம் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பின் சீட்டைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, போகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் மேட்டுக்குக் கீழே முனீஸ்வரன் கோவிலில் நிறுத்தியபோதும் அவள் இறங்கவில்லை. சரி, சாமி கோவித்துக்கொள்ளாது என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். அங்கேயும் இறங்கவில்லை. இறங்கு என்றேன். "பாட்டு ஓடுது இல்ல, இன்னும் போவணும்" என்றாள். சாவியைத் திருப்பிப் பாட்டை நிறுத்தினேன். "ஏன் நிறுத்தன, போடு" என்று முதுகில் குத்தினாள். ஜோதிமணி வந்து பேச்சுக்கொடுத்து, தட்டில் பொரியைக் காட்டி இறக்கினாள். இறங்கியவள் "வந்துட்டோம்" என்று சொல்லவில்லை. சோறும் போடவில்லை. உள்ளே நின்றுகொண்டு, "ஊட்டுக்குப் போலாம்" என்கிறாள். இப்போது சுற்றிவிட்டு வந்தும் அதையேதான் சொல்கிறாள். தினமும் இப்படித்தான்.

நீ சொன்னதைக் கேட்டுச் செய்தது. இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

தீர்த்தகிரி


கிருஷ்ணகிரி
15-4-2025

மாமா,

என் மேல்தான் தப்பு. சத்தம் குறைவதைப் பார்த்துத்தான் அக்கா கோவிலைத் தெரிந்துகொண்டாள் என்று நீங்கள் எழுதினீர்கள். வீட்டையும் அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவளை இறங்கவிடாமல் செய்யத்தான் யோசித்தேன்.

மறுபடியும் மூன்றில் வையுங்கள். சிக்னல் வழியாகப் போகாதீர்கள். மத்திகிரியிலிருந்து கிளம்பி நேராகத் தளி ரோட்டைப் பிடித்தால் நிற்கிற இடம் இரண்டுதான், முனீஸ்வரன் கோவிலும் உங்கள் வீட்டுக் கேட்டும். இரண்டு இடத்திலும் அவள் இறங்கட்டும். முன்பு இருந்தது திரும்பி வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது மாமா.

நான் வரட்டுமா? நீங்கள் பேச வேண்டாம். நான் வண்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன்.

திருமலை


மத்திகிரி
27-4-2025

திருமலைக்கு,

உன் தாள் கிடைத்த அன்றே மூன்றில் வைத்துவிட்டேன். சிக்னல் பக்கம் போகவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

செட் சரியாக வேலை செய்கிறது. மேட்டில் ஏறும்போது சத்தம் ஏறுகிறது, இறக்கத்தில் பிரேக் பிடித்தால் குறைகிறது. திருப்பத்தில் விடுவதில்லை. கோவிலில் நிறுத்தினேன். சத்தம் தணிந்து, பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாயும் சத்தம்கூடக் கேட்டது. அவள் இறங்கவில்லை. "பூவு, கோயிலு வந்துடுச்சு, சூடம் ஏத்தணுமில்ல" என்றேன். "ம்" என்றாள். அப்படியே இருந்தாள். நேற்று நானே இறங்கினேன். இத்தனை வருடத்தில் அந்தக் கோவில் வாசலை நான் மிதித்தது இதுதான் முதல் தடவை. சூடத்தை எந்தக் கல்லில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தக்காளி ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் இறங்கி, "அங்க இல்லீங்க பெரியவரே, இங்க" என்று காட்டினார். ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் வேறு யாரோ ஏற்றுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். திருநீறைக் கொண்டுவந்து நெற்றியில் வைத்தேன். "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

மூன்று மாதமாக இறங்காதே, இறங்காதே என்று கத்தினேன். இப்போது இறங்கு என்று கெஞ்சுகிறேன். இரண்டுக்கும் அவளிடமிருந்து ஒரே பதில்தான்.

மேகலா போனில் அழுகிறாள். ஏதோ இல்லம் இருக்கிறதாம், பார்த்துக்கொள்வார்களாம். அதற்கு ஒப்ப மாட்டேன். என் வண்டியை நான்தான் ரிப்பேர் செய்தேன், இதையும் நான்தான் பார்ப்பேன்.

இன்று பொழுது சாயும்போது கிளம்பி, தோட்டங்கள் வரைக்கும் போய்த் திரும்பினோம். கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். சத்தம் குறைந்தது. காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நானே, "வந்துட்டோம்" என்றேன். "எங்க?" என்று கேட்டாள்.

ஜோதிமணி பொரி கொண்டுவந்து காட்டினாள். வாங்கிக்கொண்டு சாப்பிட்டாள். இறங்கவில்லை. நான் இறங்கலாம் என்றால் கையை எடுக்கமாட்டேன் என்கிறாள். எஞ்சினை நிறுத்தி, சைடு ஸ்டாண்டு போட்டு, இரண்டு பேரும் வண்டி மேலேயேதான் இருக்கிறோம். தாளும் பேனாவும் ஜோதிமணி கொண்டுவந்து கொடுத்தது. கோபியின் பஸ்ஸில் சேர்த்துவிடுவதாகவும் சொல்கிறாள்.

செட்டில்தான் கோளாறு. நீ பார்க்காத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. ஞாயிறு மதியத்துக்கு மேல் உனக்குக் கடை கிடையாதே. மீட்டரை எடுத்துக்கொண்டு வா.

இதை டேங்க் மேல் வைத்து எழுதுகிறேன். அவள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, போ, போ என்று ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். எழுத்து கோணலாக இருப்பது என்னால் அல்ல.

தீர்த்தகிரி